பெப்ரவரியில் பார்த்து வைத்த இடம்

ஸ்காபரோவில் எங்கள் ஆட்களிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். எந்தக் கடையில் முருங்கைக்காய் மலிவு, எந்த வங்கி வீட்டுக்கடனுக்கு வட்டி குறைக்கிறது, எந்தச் சாத்திரியார் பொருத்தம் பார்த்தால் பிசகாது, எல்லாவற்றையும் வாய் நிறையச் சொல்வார்கள். ட்ரவுட் எங்கே பிடித்தீர்கள் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கைபேசியில் மீனின் படத்தைக் காட்டுவார்கள். ஆறு தெரியாதபடி விரலால் பெருப்பித்துத்தான் காட்டுவார்கள். "உதில கிழக்காலை, கொஞ்சத் தூரம்" என்பதோடு பேச்சு கலியாண வீட்டுச் சாப்பாட்டுக்குத் தாவிவிடும்.

நான் வடமராட்சியில், தொண்டைமானாற்றுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். அங்கே மீன்பிடிக்கும் இடத்தை யாரும் ஒளித்து வைத்ததில்லை. வீச்சுவலைக்காரர் எங்கே இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறாரோ அங்கே மீன் நிற்கிறது. பொடியன்களும் அதற்குப் பக்கத்திலேயே தூண்டிலைப் போடுவோம். ட்ரவுட் என்ற பெயரையே பள்ளிக்கூடச் சுற்றுலாவில் நுவரெலியாவுக்குப் போனபோதுதான் முதலில் கேட்டேன். ஹோட்டன் சமவெளி ஓடைகளில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட மீன் அது, துரைமாரின் விளையாட்டு என்று ஆசிரியர் சொன்னார். குளிரில் பல்லுக் கிட்டிக்கொண்டிருந்த எங்களில் யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

கனடாவுக்கு வந்த பிறகு துரைமாரின் விளையாட்டு தொழிற்சாலைக்காரனின் விளையாட்டாயிற்று. தெற்கு ஒன்ராறியோவின் பெரும்பாலான ஓடைகளில் ட்ரவுட் பருவம் ஏப்ரல் மாதத்தின் நான்காவது சனிக்கிழமை திறக்கும். தொடக்கத்தில் நானும் எல்லோரும் போகிற இடத்துக்கே போனேன். ரொறன்ரோவுக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீற்றரில் போர்ட் ஹோப் என்ற சிற்றூர். அதன் நடுவால் ஓடி ஒன்ராறியோ ஏரியில் விழுகிறது கனராஸ்கா ஆறு. ஏரியில் தின்று கொழுத்த ரெயின்போ ட்ரவுட், வசந்தத்தில் முட்டையிட இந்த ஆற்றில் ஏறும். ஊருக்குச் சற்று மேலே கோர்பெற் அணையில் மீன் ஏறுவதற்கென்றே படிகள் கட்டியிருக்கிறார்கள். அணையடியில் தூண்டில் போடத் தடை. வேடிக்கை பார்க்கத் தடையில்லை. முழங்கை நீள மீன்கள் வெண்ணுரைக்குள்ளிருந்து எம்பி, சுவரில் மோதி விழுந்து, மறுபடி எம்பும். பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக நின்று பார்ப்பார்கள்.

தடை இல்லாத பகுதியில் பொழுது விடியுமுன்னரே கரை நிறைந்துவிடும். போலிஷ், கன்ரனீஸ், உக்ரேனியம், தமிழ் என்று எல்லா மொழிகளிலும் ஆட்கள் ஒருவர் நூலை ஒருவர் சிக்கவைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மீன்சினையைச் சிறு வலைத்துணியில் மிளகளவு பொட்டலமாகக் கட்டி இரையாகப் போடுகிற வித்தையை அங்கேதான் பழகினேன். மீனும் கிடைத்தது. ஆனால் அந்த மீன் ஆற்றுக்கு விருந்தாளி. மே மாதத்தோடு பெரிய மீன்கள் ஏரிக்குத் திரும்பிவிடும். ஜூனில் போனால் அதே கரையில் விரலளவு குஞ்சுகள்தான் துள்ளும். எனக்கோ வேலை முடிந்து அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய, செப்டம்பர் வரைக்கும் மீன் குடியிருக்கிற ஓடை ஒன்று தேவைப்பட்டது.

அப்போது நான் வேலை செய்த தொழிற்சாலையில் இரவு முறைக்குப் போலந்துக்காரர் ஒருவர் என்னோடு நின்றார். சாப்பாட்டு நேரத்தில் அவர் புகைபோட்ட ட்ரவுட்டைக் கறுப்புப் பாணில் வைத்துச் சாப்பிடுவார். என் இடியப்பத்துக்கும் அதற்கும் பண்டமாற்று நடந்தது. இடத்தைக் கேட்டால் சிரிப்பார். கடைசியில் ஒரு குளிர்கால இரவில் அவராகவே வாயைத் திறந்தார்: பெப்ரவரியில் போ, தூண்டில் தடியைக் கொண்டுபோகாதே, எங்கே தண்ணீர் உறையவில்லை என்று பார். அவ்வளவுதான். ஊர் பேர் எதுவும் இல்லை. ட்ரவுட் பற்றி இத்தனை வருடங்களில் எனக்குக் கிடைத்த யோசனைகளில் அதற்கு மிஞ்சியது இல்லை.

அவர் சொன்னதன் நியாயம் யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு உடனே பிடிபடும். வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லாத மண் அது. கிணற்றை நம்பியே வாழ்ந்தோம். கீரிமலையில் கடலுக்குப் பக்கத்தில் கேணிக்குள் நல்ல தண்ணீர் ஊறுவதைப் பார்த்தவர்களுக்கு நிலத்தடி நீரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மார்கழிப் பனியில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், சித்திரை வெயிலில் குளிர்ந்து கிடக்கும். தெற்கு ஒன்ராறியோவிலும் நிலத்தடி நீரின் குணம் அதுதான். வெளியே குளிர்காலத்தில் மைனஸ் 20 என்றாலும் கோடையில் 30 என்றாலும், ஊற்றில் கசிகிற நீர் ஏறக்குறைய 8 முதல் 10 பாகை செல்சியசில் நிற்கும். ட்ரவுட்டுக்கு வேண்டியது அந்தக் குளிர். இந்த ஓடைகளுக்குச் சொந்தக்காரரான புரூக் ட்ரவுட் 20 பாகைக்கு மேல் தவிக்கத் தொடங்கும். 25 பாகையை நெருங்கினால் செத்துப்போகும். ஆகவே கோடையில் எது குளிர்ந்திருக்கும் என்பதைக் குளிர்காலத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். உறையாத இடத்தில் ஊற்று இருக்கிறது.

ரொறன்ரோவுக்கு வடக்கே, மேற்கிலிருந்து கிழக்காகச் சுமார் 160 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு மணல்மேடு கிடக்கிறது. ஓக் ரிட்ஜஸ் மொரெய்ன் என்பார்கள். சுமார் 12,000 வருடங்களுக்கு முன் பனிப்பாளங்கள் உருகிப் பின்வாங்கியபோது குவித்துவிட்டுப் போன மணலும் சரளைக் கல்லும் அது. மழையும் பனியும் அதற்குள் இறங்கி, மெல்ல மெல்லச் சரிவின் அடியில் ஊற்றாகக் கசியும். ஹம்பர், டொன், ரூஜ், டஃபின்ஸ், கனராஸ்கா எல்லாம் அந்த மேட்டிலிருந்துதான் இறங்குகின்றன. எங்கள் ஆட்கள் நெருக்கமாகக் குடியிருக்கிற ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிக்கறிங் பக்கமெல்லாம் அந்த ஓடைகளின் காலடிதான். வீட்டிலிருந்து வடக்கே அரை மணி நேரம் போனால் அவற்றின் தலைமாடு.

உயரக்கோடுகள் போட்ட வரைபடம் ஒன்றை வாங்கிச் சமையலறை மேசையில் விரித்தேன். கோடுகள் நெருக்கமாக வந்து, பச்சை நிறக் காட்டுக்குள் நீலக் கீறல் ஒன்று தொடங்குகிற இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டேன். ஊற்றிலிருந்து புறப்படும் ஓடைக்கு மேலே மர நிழலும் இருந்தால் கோடையில் சூடேறாது. மனைவி காணி வாங்கப் போகிறேன் என்று நினைத்துவிட்டாள்.

பெப்ரவரி ஞாயிறு ஒன்றில் வட்டமிட்ட ஓர் இடத்துக்குப் போனேன். பாலத்தடியில் ஓடை இருந்த சுவடே இல்லை; பனிக்கட்டி மூடி, அதன் மேல் முயல் நடந்த தடம். கரையோடு மேல்நோக்கி நடந்தேன். முழங்கால் வரை பனி. இரண்டு வளைவு தாண்டியபோது தண்ணீர்ச் சத்தம் கேட்டது. சீடார் மரங்கள் சாய்ந்து நின்ற ஒரு திருப்பத்தில் ஓடை கறுப்பாகத் திறந்து கிடந்தது, மேலே மெல்லிய ஆவி. கரைச்சேறு அங்கே மட்டும் உறையாமல் காலை உள்ளிழுத்தது. சேற்றிலிருந்து விரல் மொத்தத்தில் தண்ணீர் கசிந்து, நுண்மணலைக் கொதிக்கிற மாதிரிக் கிளப்பிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில் வாட்டர்கிரெஸ் கீரை, அந்த மாதத்தில், வல்லாரை நிறத்தில் பச்சைப்பசேலென்று. கையுறையைக் கழற்றிக் கையை விட்டேன். வெளிக்குளிருக்கு அந்தத் தண்ணீர் கிணற்றடியில் அள்ளிக் குளிக்கிற தண்ணீர்போல இருந்தது.

அந்த ஓடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. குறுகிய ஓடை அது. நான்கு பேர் ஒரே கிழமையில் போனால் தாங்காது. கனராஸ்காவின் பெயரை எழுதலாம், அந்த ஆறு கூட்டத்துக்குப் பழகிப்போன ஆறு.

இடம் கண்டுபிடிப்பதில் பாதி வேலை, அங்கே கால்வைக்க உரிமை இருக்கிறதா என்று அறிவது. ரொறன்ரோவுக்குள் இதில் அதிகம் தொல்லை இல்லை. அதற்குக் காரணம் ஒரு பேரழிவு. 1954 ஒக்ரோபர் நடுவில் ஹேசல் சூறாவளி வந்து, ஹம்பர் கரையில் ஒரு தெருவின் வீடுகளையே அள்ளிக்கொண்டு போனது. ஒன்ராறியோவில் 81 பேர் இறந்தார்கள். அதன் பிறகு வெள்ளம் வரக்கூடிய பள்ளத்தாக்குகளில் வீடு கட்ட விடாமல், நிலத்தை வாங்கிப் பொதுப் பூங்காக்களாக வைத்துக்கொண்டார்கள். அந்தப் பொறுப்புக்கென ரொறன்ரோ வட்டாரப் பாதுகாப்பு ஆணையம் 1957இல் அமைந்தது. இன்று நகரத்து ஆற்றங்கரையில் யாரும் தடுக்காமல் நாம் நடப்பது அந்த 81 பேரின் கணக்கில் எழுதப்பட வேண்டியது.

நகரத்தைத் தாண்டினால் கரைகள் பெரும்பாலும் தனியார் காணி. மரத்திலோ வேலிக்கம்பத்திலோ சிவப்புச் சாயம் கண்டால் உள்ளே போகக் கூடாது. மஞ்சள் என்றால் சிலவற்றுக்கு மட்டும் அனுமதி. 10 சென்ரிமீற்றர் வட்டம் அடங்குகிற அளவில் அந்தக் குறி இருக்க வேண்டும் என்பது வரை சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். என் ஓடையின் மேற்பகுதி ஒரு விவசாயியின் காணிக்குள் ஓடியது. பருவம் திறக்குமுன் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, யார் எவர் என்று சொல்லி அனுமதி கேட்டேன். மாடுகள் நிற்கிற பக்கம் படலையைத் திறந்து போடாதே என்ற ஒரே நிபந்தனையோடு சம்மதித்தார். கேட்டால் பலர் மறுப்பதில்லை; கேட்காமல் போகிறவர்களால்தான் சிவப்புச் சாயம் கூடுகிறது.

ஜூலை மாத மத்தியானம் ஒன்றில் தடியோடு போவதற்கு முன், நூலில் கட்டிய வெப்பமானியோடு போனேன். பாலத்தடியில் 21 பாகை. ஊற்றுக்குக் கீழே, சீடார் நிழலில், 14. இரண்டுக்கும் இடையில் பத்து நிமிட நடைதான். ஒரே ஓடைக்குள் மீன் இருக்கும் இடமும் இல்லாத இடமும் எப்படிப் பிரிகின்றன என்பது வெப்பமானியின் சிவப்புக் கோட்டில் தெரிந்தது.

ட்ரவுட் நீரோட்டத்துக்கு முகம் கொடுத்து நிற்கும். விரைவாக ஓடும் தண்ணீருக்கும் தேங்கிய தண்ணீருக்கும் நடுவிலுள்ள ஓரம், அடி அரித்துப்போன கரை, விழுந்த மரத்தின் வேர்க்குவியல், இவைதான் அதன் திண்ணைகள். அலைச்சல் இல்லாமல் நின்றபடியே, அடித்து வருகிற இரையைப் பிடிக்கும். ஆகவே நாம் அதன் பின்புறமாக, கீழிருந்து மேலே போக வேண்டும். நிழல் தண்ணீரில் விழக் கூடாது. அன்று மாலை, பெற்றோல் நிலையத்தில் டப்பாவில் விற்கிற மண்புழுவில் பாதியைக் கோத்து, ஈயம் போடாமல், வேர்க்குவியலுக்கு மேலே விட்டேன். நீரோட்டம் அதை உள்ளே கொண்டுபோனது. நூல் ஒருமுறை நடுங்கி, பிறகு பக்கவாட்டில் ஓடியது.

கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு மீனைத் தூக்கினேன். உலர்ந்த கை பட்டால் அதன் மேலுள்ள வழுவழுப்பு போய்த் தோலில் நோய் பிடிக்கும். ஒரு சாண்கூட இல்லை. முதுகு கரும்பச்சை, அதில் புழு ஊர்ந்ததுபோன்ற வெளிர்கோடுகள். விலாவில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி நீல வளையம். அடிச்செட்டைகளின் முன்விளிம்பில் தூய வெள்ளைக் கோடு, அதையொட்டிக் கறுப்பு. புரூக் ட்ரவுட்தான், சந்தேகமே இல்லை. ரெயின்போ பசிபிக் கரையிலிருந்து கொண்டுவரப்பட்டது, பிரவுன் ஐரோப்பாவிலிருந்து. இந்தச் சிற்றோடைகளில் பனியுகம் முடிந்த காலத்திலிருந்தே இருக்கிற ட்ரவுட் இது ஒன்றுதான். கையை விரித்தேன், வேருக்கடியில் போய் மறைந்தது.

குளிர்ந்த நீர் ஊற்றால் மட்டும் வருவதில்லை என்பதைக் கிராண்ட் ஆற்றில் கண்டேன். ரொறன்ரோவுக்கு மேற்கே ஃபெர்கஸ் ஊருக்குப் பக்கத்தில் 1942இல் கட்டிய ஷாண்ட் அணை இருக்கிறது. அதற்குப் பின்னாலுள்ள பெல்வுட் ஏரியின் அடித்தண்ணீரை ஆற்றுக்குள் திறந்துவிடுவதால், கோடையிலும் அணைக்குக் கீழே குளிர். அதை நம்பி 1989 முதல் பிரவுன் ட்ரவுட் குஞ்சுகளை விடத் தொடங்கினார்கள். இன்று எலோரா வரைக்கும் பெயர்பெற்ற இடம். அங்கே பல பகுதிகளில் பிடித்ததைத் திரும்ப விட வேண்டும், எதிர்க்கூர் இல்லாத ஒற்றை முள்ளைத்தான் பாவிக்க வேண்டும், புழு கூடாது. கரையில் அறிவித்தல் பலகைகள் உண்டு.

அங்கே ஒருமுறை பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்ராறியோவில் வசிக்கிற 65 வயது தாண்டியவர்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று கேட்டதும் அவருக்கு அரசாங்கத்தின் மேல் மதிப்பு வந்துவிட்டது. நான் ஒரு பிரவுனைப் பிடித்துத் திரும்ப விட்டதும் அந்த மதிப்பு போய்விட்டது.

"பிடிச்ச மீனைத் திரும்ப விடுறதோ? பிறகேன் தம்பி இவ்வளவு தூரம் வந்தனி?"

"இது விட வேண்டிய இடம் பெரியப்பா. சட்டம்."

"சட்டம் சட்டியிலை வேகுமோ?"

அவர் மனம் ஆற, அடுத்த ஏப்ரலில் கனராஸ்காவில் சட்டப்படி வைத்துக்கொள்ளக்கூடிய ரெயின்போ ஒன்றைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். பெரியப்பா தானே வெட்டி, தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தார். இளஞ்சிவப்புத் தசை, முள் குறைவு. இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, "எங்கடை திரளிக்குக் கிட்டவும் நிக்காது" என்று தீர்ப்புச் சொன்னார்.

அந்தக் கனராஸ்காவும் முன்பு செத்துக்கொண்டிருந்த ஆறு. பலகைக்காகவும் பண்ணைக்காகவும் அதன் தலைமாட்டுக் காட்டை வெட்டித் தள்ளியதில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த மேடு காற்றில் பறக்கிற மணல்வெளியாக இருந்தது. மழை உள்ளே இறங்காமல் வழிந்தோடியது; கீழே போர்ட் ஹோப்பில் வெள்ளம். 1944இல் வெளிவந்த ஆய்வறிக்கை ஒன்று காட்டைத் திரும்ப உண்டாக்கச் சொன்னது. பெரும்பாலும் சிவப்புப் பைன் கன்றுகளாக நட்டார்கள். இன்று அங்கே சுமார் 11,000 ஏக்கர் காடு. அணைப்படியில் எம்புகிற மீனைப் பார்த்துக் கைதட்டுகிறவர்களில் பலர் அந்தக் காட்டுக்குள் கால்வைத்திருக்க மாட்டார்கள்.

வெட்டினால் போகும், நட்டால் வரும், வருவதற்கு ஒரு தலைமுறை ஆகும். இதை மறக்கிற அவசரமும் இங்கே உண்டு. 2022இல் மாகாண அரசு, ரொறன்ரோவைச் சுற்றி வீடு கட்டாமல் காத்துவைத்திருந்த பசுமை வளையத்திலிருந்து சுமார் 7,400 ஏக்கரை வீடு கட்டுவதற்காக விடுவித்தது. அதில் பெரிய பங்கு பிக்கறிங்கில், டஃபின்ஸ் ஓடைக்கும் ரூஜுக்கும் இடைப்பட்ட விவசாய நிலம். எதிர்ப்பு வலுத்து, 2023 செப்டம்பரில் அந்த முடிவைத் திரும்பப் பெற்றார்கள். வீடு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நானும் ஒரு வயல் இருந்த இடத்தில் கட்டிய வீட்டில்தான் இருக்கிறேன். ஆனால் கூரையிலும் தார் வீதியிலும் விழுந்த கோடை மழை சுடச்சுட ஓடைக்குள் இறங்கும்போது வெப்பமானி காட்டுகிற கணக்கை யாரும் மாற்ற முடியாது.

என்னிடம் இப்போது இளம் பிள்ளைகள் இடம் கேட்கிறார்கள். நான் அவர்களுக்குச் சொல்வது இதுதான். லைசென்ஸ் எடுங்கள். மாகாணம் 20 மீன்பிடி மண்டலங்களாகப் பிரிந்திருக்கிறது. உங்கள் மண்டலத்தின் விதிகளை வருடம்தோறும் புதிதாகப் படியுங்கள், ஏனென்றால் அவை மாறும். மலிவான வெப்பமானி ஒன்று வாங்குங்கள். பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, தடி இல்லாமல் மேட்டுப் பக்கம் போய் உறையாத தண்ணீரைத் தேடுங்கள். காணிக்காரரிடம் கேட்டுவிட்டுக் கால்வையுங்கள். கோடையில் தண்ணீர் 20 பாகையைத் தாண்டினால் தூண்டிலைக் காருக்குள்ளேயே வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்புங்கள். அந்தச் சூட்டில் இழுபட்ட ட்ரவுட் திரும்ப விட்டாலும் பிழைக்காமல் போகலாம்.